இமையை இழுத்துப் பார்த்தவர்கள்

நம்மூரில் ஒரு பெண்ணுக்கு ரத்தம் குறைவா இல்லையா என்று தெரிந்துகொள்ள முதலில் செய்வது, அவளுடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்ப்பது. நர்ஸம்மா செய்வார், மாமியார் செய்வார், பள்ளிக்கூடத்துக்கு முகாம் நடத்த வரும் டாக்டர் செய்வார். உள்ளே சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால், “ரத்தமே இல்லையே, ஒழுங்கா சாப்பிடறதில்லையா?” என்று ஒரு திட்டு, கூடவே ஓர் அட்டை மாத்திரை. பதினான்கு வயதிலிருந்து முப்பத்தெட்டு வயதுவரை என் இமையை எத்தனை பேர் இழுத்துப் பார்த்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை. அந்தக் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை.

நான் பள்ளியில் தமிழாசிரியை. முப்பத்தெட்டாவது வயதில், காலாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, சிவப்புப் பேனாவில் மை தீர்ந்துவருகிறது என்று நினைத்தேன். பேனாவை மாற்றினேன். புதியதும் பழுப்பாகவே எழுதியது. மூன்றாவதும் அப்படியே. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, “சிவப்பாத்தாம்மா இருக்கு” என்றாள். அடுத்த சில வாரங்களில், ஒரு சொல்லைப் பார்த்தால் அதன் நடு எழுத்து இல்லாமல் போனது. வலி இல்லை, உறுத்தல் இல்லை. கண்ணாடிக் கடையில் இரண்டு முறை பவர் மாற்றினார்கள். ஒரு கண் மருத்துவர் விழித்திரை நன்றாக இருக்கிறது என்றார். வேலை, வீடு என்று அலைச்சல் அதிகம், தூக்கம் போதவில்லை, மனதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இந்த அறிவுரை பெண்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சுலபமாக எழுதித் தரப்படுகிறது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர் என்னைவிட இளையவர். வண்ணப் புள்ளிகளுக்குள் எண்கள் ஒளிந்திருக்கும் இஷிஹாரா புத்தகத்தைத் திறந்து வைத்தார். எனக்கு முதல் பக்கத்தைத் தவிர எதிலும் எண் தெரியவில்லை. “கால்ல மதமதப்பு இருக்காம்மா? செருப்பு நழுவினா தெரியுதா?” என்று கேட்டார். இருந்தது. ஒரு வருடமாக இருந்தது. கண்ணுக்கும் செருப்புக்கும் என்ன தொடர்பு என்று நான் விழித்தேன். ரத்தப் பரிசோதனை முடிவில் பதில் இருந்தது. வைட்டமின் பி12 அடிமட்டத்தில். நோயின் பெயர் பெர்னீஷியஸ் அனீமியா. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பு பி12 இல்லாமல் வாடத் தொடங்கியிருந்தது.

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு வந்த முதல் நினைவு மருத்துவம் சார்ந்ததல்ல. ஒரு சினிமா.

*

ரிஷிகேஷ் முகர்ஜி இயக்கிய ‘மிலி’ 1975இல் வந்தது. நான் பார்த்தது தூர்தர்ஷனில், பக்கத்து வீட்டு வரவேற்பறையில், சிறுமியாக. இந்தி தெரிந்த அந்த வீட்டு அக்கா கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா என்னருகே தரையில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜெயா பாதுரி நடித்த மிலி, அடுக்குமாடிக் குடியிருப்பின் செல்லப்பெண். குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு கூச்சலிட்டு விளையாடுபவள். மேல்தளத்துக்குக் குடிவரும் சேகர் (அமிதாப் பச்சன்) குடிகாரன், எவரோடும் ஒட்டாதவன். மிலியின் கலகலப்பில் அவன் மெல்ல மனிதனாகிறான், காதலிக்கிறான். பிறகுதான் அவளுக்குப் பெர்னீஷியஸ் அனீமியா என்று அவனுக்குத் தெரிகிறது. அவள் சாவைக் காணச் சகியாமல் ஓடிவிட நினைக்கிறான்; அண்டைவீட்டுப் பெண் ஒருத்தி இடித்துரைத்ததும் மனம் மாறுகிறான்; மணந்துகொண்டு சிகிச்சைக்காக அவளைச் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப்போகிறான். படம் தொடங்குவதும் முடிவதும் அந்த விமானத்தில்தான். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் அப்பாவாக அசோக் குமார். அந்த முகத்தை எளிதில் மறக்க முடியாது.

நோய் உறுதியான மாதத்தில், நடுவில் புகைப்படலம் படிந்த கண்களோடு, இந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். சரியாகச் சொன்னால், பாதியைப் பார்த்தேன், மீதியைக் கேட்டேன். இது நல்ல படம். நடிப்பு நல்ல நடிப்பு. நான் சொல்லவருவது வேறு.

முதலாவது, மிலி சாகவேண்டிய அவசியமே இல்லை. பெர்னீஷியஸ் என்றால் அழிவு தருவது என்று பொருள். அந்தப் பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில், இந்த நோய் வந்தவர்கள் பிழைக்காத காலத்தில் வைத்தது. 1926இல் மைனாட், மர்ஃபி என்ற அமெரிக்க மருத்துவர்கள், தினமும் நிறைய ஈரலைச் சாப்பிடவைத்து நோயாளிகளைப் பிழைக்கவைத்தார்கள். அதற்காக விப்பிளோடு சேர்ந்து 1934இல் நோபல் பரிசும் பெற்றார்கள். ஈரலுக்குள் இருந்த அந்தப் பொருள், பி12, 1948இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு இது ஊசியால் கட்டுப்படுத்தக்கூடிய நோய். ‘மிலி’ வெளியானபோது அந்த மருந்துக்கு வயது இருபத்தேழு. அந்தக் காலத்தில் இது உயிர்க்கொல்லி நோய்தானே என்று படத்துக்காகப் பரிந்து பேசுபவர்கள் உண்டு. அது தவறு. அந்தக் காலம் முடிந்து ஒரு தலைமுறை ஆகியிருந்தது.

அப்படியானால் இந்த நோயை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? சூசன் சொன்டாக் 1978இல் எழுதிய ‘நோய் ஓர் உருவகமாக’ நூல் இதற்கு வழி காட்டுகிறது. முன்பு காசநோய்க்கு இருந்த அழகு மயக்கம், இளம் உயிரைப் பறிக்கும் ‘தூய’ நோய் என்ற பாவனை, இருபதாம் நூற்றாண்டில் ரத்தப் புற்றுநோய்க்கு மாறியது என்று அவர் கவனிக்கிறார். ரத்த நோயில் கட்டியில்லை, புண்ணில்லை, நாற்றமில்லை. பெண் வெளுக்கிறாள், அவ்வளவுதான். வெளுப்பு திரையில் அழகாகத் தெரிகிறது. சுவிட்சர்லாந்தும் காசநோய்க் கதைகளின் பனிமலையிலிருந்து கடன் வாங்கியதுதான்.

மிலிக்கு இருப்பதாகச் சொல்லப்படும் நோயின் உண்மையான உடல் அந்தப் படத்தில் எங்கும் இல்லை. நாக்கு சிவந்து வழவழப்பாகி எரியும். பாதம் மரத்துப்போகும். இருட்டில் நடந்தால் கால் தடுமாறும். மறதியும் எரிச்சலும் வரும். மிகச் சிலருக்குக் கண்பார்வையும் மங்கும். இரு கண்ணிலும், வலியில்லாமல், நடுப்பகுதியிலிருந்து, முதலில் சிவப்பு வெளிறி. மிலிக்கு இவை எதுவும் இல்லை. அவள் களைப்பதும் அழகாகவே இருக்கிறது.

படத்தில் சேகருக்கு வானம் பார்க்கும் பழக்கம் உண்டு, தொலைநோக்கி வைத்திருக்கிறான். இரண்டாம் முறை பார்த்தபோது என்னை உறுத்தியது அதுதான். பார்ப்பது அவனுடைய வேலை. பார்க்கப்படுவது அவளுடைய வேலை. ‘மிலி’ வெளியான அதே 1975இல்தான் லாரா மல்வி ‘ஸ்க்ரீன்’ இதழில், திரைப்படத்தில் ஆண் பார்வையின் சுமப்பாளனாகவும் பெண் பார்வைக்குரிய பிம்பமாகவும் பிரிக்கப்படுவதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். நம் வகுப்பறைகளில் அந்தக் கட்டுரையைக் கவர்ச்சிப் பாடல்களுக்கு மட்டும் பொருத்திப் பார்க்கிறோம். நோயுற்ற பெண்ணின் படுக்கைக்கும் அது பொருந்தும். படுத்திருக்கும் மிலியை அப்பா பார்க்கிறார், காதலன் பார்க்கிறான், நாமும் பார்க்கிறோம். மிலிக்கு என்ன தெரிகிறது என்று கேமரா திரும்புவதே இல்லை.

கதைக்கு அவள் நோய் தேவைப்படுவது சேகருக்காக. அவன் குடியை விட, அன்பு கற்க, பொறுப்பேற்க, ஒரு பெண்ணின் ரத்தம் கெடவேண்டியிருக்கிறது. ஆணுக்கு நோய் வந்தால் கதை எப்படிப் போகிறது என்பதற்குத் தமிழில் 1982இன் ‘வாழ்வே மாயம்’ இருக்கிறது. ரத்தப் புற்றுநோய் வந்த நாயகன் அதை மறைக்கிறான், திட்டமிடுகிறான், காதலி தன்னை வெறுக்கும்படி நாடகமாடுகிறான், அவளை எவன் மணக்கவேண்டும் என்பதையும் அவனே முடிவு செய்கிறான். சாகும்போதும் கதையை நடத்துகிறவன் அவன்தான். மிலியை மற்றவர்கள் விமானத்தில் ஏற்றிவிடுகிறார்கள்.

*

இதைச் சினிமாவின் குற்றமாக மட்டும் எழுதி முடித்துவிடலாம். ஆனால் நான் வகுப்பில் நடத்தும் பாடமே என்னை நிறுத்தியது.

வெளுத்த பெண்ணுடலுக்கு நம் மொழி வைத்த பெயர் பசலை. தலைவன் பிரிந்தால் தலைவியின் மேனியில் படரும் நிறமாற்றம். திருக்குறளின் காமத்துப்பாலில் 118ஆம் அதிகாரம் கண்விதுப்பழிதல். 119ஆம் அதிகாரம் பசப்புறுபருவரல். முதலில் கண், அடுத்து வெளுப்பு. பின்னால் 127ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், அவன் வரும் வழியைப் பார்த்துப் பார்த்துக் கண்கள் ஒளியிழந்தன என்று அவள் சொல்வதாக வருகிறது. பல ஆண்டுகளாக இதை நடத்தியிருக்கிறேன். வெளுப்பும் கண் மங்கலும் ஒரே பெண்ணின் உடலில் சேர்ந்து வரும் என்று கவனித்த மொழி இது. ஆனால் அந்த மொழி அதற்குத் தந்த காரணம் ஒன்றே ஒன்றுதான்: அவன் இல்லை.

அகப்பாடல்களில் வரும் வெறியாட்டும் நினைவுக்கு வந்தது. மகள் மெலிந்து வெளுப்பதைக் கண்ட தாய், வேலனை அழைத்து வெறியாட வைக்கிறாள். முருகன் அணங்கினான் என்று வேலன் சொல்கிறான். அது பிழையான நோய்க்கணிப்பு என்று தோழிக்குத் தெரியும். அவள் உண்மையை மெல்ல உடைக்கிறாள்: காரணம் தெய்வமல்ல, காதலன். வகுப்பில் மாணவிகள் இந்த இடத்தில் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். இப்போது தோன்றுவது, வேலனும் தோழியும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள் என்பது. முருகனோ காதலனோ, பெண்ணுடலில் தெரியும் மாற்றத்துக்குக் காரணமானவன் ஓர் ஆண்தான். அவள் என்ன சாப்பிட்டாள், எத்தனை பேருக்குப் பிறகு சாப்பிட்டாள், எத்தனை பிள்ளை பெற்றாள் என்ற கேள்விக்கு அந்தத் திணையில் இடமில்லை.

பழைய கவிதையின்மீது இன்றைய மருத்துவத்தைச் சுமத்துவது நியாயமா என்று ஒரு தோழி கேட்டார். நியாயமில்லைதான். பசலை சோகைநோய் அல்ல; அது கவிமரபு. ஒரு நேர்மையும் அதில் உண்டு: குறளில் தன் உடலைப் பற்றிப் பேசுபவள் அந்தப் பெண்ணேதான். என் கண், என் நிறம் என்று தன்மையில் பேசுகிறாள். மிலிக்கு அந்த வாய்ப்புக்கூடக் கிடைக்கவில்லை. என் விமர்சனம் கவிதையின்மீது அல்ல, அதை வாசித்துப் பழகிய நம்மீது. வெளுத்த பெண்ணைக் கண்டால் உணர்ச்சியைத் தேடுகிறோம், ரத்தத்தைத் தேடுவதில்லை. என் கண் மருத்துவர் ‘மனதை லேசாக வையுங்கள்’ என்றபோது அவர் ஒரு நீண்ட மரபில் நின்று பேசினார்.

*

இந்த நோயின் கதையை வேறு மாதிரியும் சொல்லலாம். அதில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், இருவரும் நோயாளிகளாக அல்ல.

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளர்களான ஏழைப் பெண்கள் கர்ப்பகாலத்தில் கடும் சோகையால் சாவது ஏன் என்று ஆராய வந்தவர். அவர் வெளுத்த முகத்தை மட்டும் பார்க்கவில்லை. என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். உணவு மோசமாக இருந்த இடத்தில் நோயும் மோசமாக இருந்தது. ஆய்வு அவரைக் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கும், சென்னை கோஷா ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவந்தது. இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று பெயர் மாறியிருக்கும் அந்தத் திருவல்லிக்கேணி ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்துக்கொண்ட நம் பாட்டிகளுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு அந்தச் சோகையைக் குணமாக்குகிறது என்று 1931இல் அவர் எழுதினார். அதற்குள் இருந்த பொருளை ‘வில்ஸ் காரணி’ என்றார்கள். பிற்பாடு அதுவே ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது. நம் வீட்டு மாத்திரை அட்டையில் இரும்போடு இருப்பது அதுதான்.

இரண்டாமவர் டோரத்தி ஹாட்ஜ்கின். பி12 மூலக்கூறு எப்படி அமைந்திருக்கிறது என்பதை எக்ஸ்ரே படிகவியல் வழியாக 1956இல் அவரும் அவரது குழுவும் முழுமையாகக் கண்டறிந்தார்கள். மூட்டுவாதத்தால் வளைந்த கைகளோடு செய்த வேலை அது. 1964இல் வேதியியல் நோபல் கிடைத்தபோது, பிரிட்டிஷ் நாளிதழ்களுக்கு அவர் மூன்று பிள்ளைகளின் தாய் என்பதே பெரிய செய்தியாக இருந்தது. ‘மிலி’ எடுக்கப்பட்டபோது இந்த நோயைப் பற்றி உலகுக்குத் தெரிந்திருந்ததில் பெரும்பங்கைத் தந்தவர்களில் பெண்கள் இருந்தார்கள். திரையில் அந்த நோயோடு வந்த பெண்ணுக்கோ சாகக் காத்திருப்பதைத் தவிர வேலையில்லை.

*

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். அங்கேதான் எனக்குக் கோபம்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 57 சதவீதம் பேருக்குச் சோகை. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். தமிழ்நாட்டில் பெண்களுக்கு 53 சதவீதத்துக்கு மேல். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இருப்பதால் அது நோயாகவே தெரிவதில்லை. பெண் என்றால் கொஞ்சம் வெளுத்துத்தான் இருப்பாள் என்றாகிவிட்டது. எல்லோருக்கும் ஒரே விடை: இரும்பும் ஃபோலிக் அமிலமும். 2018இல் தொடங்கிய அனீமியா முக்த் பாரத் திட்டத்தில் பெரியவர்களுக்கான மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. பி12 இல்லை.

இந்த மாத்திரை வேண்டாம் என்று யாரும் இதை வாசித்துவிட வேண்டாம். பெரும்பாலான பெண்களுக்கு அது தேவை. கருவிலுள்ள குழந்தையின் முதுகுத்தண்டுக்கும் தேவை. ஆனால் பி12 குறைந்த உடம்பில் ஃபோலிக் அமிலம் மட்டும் போனால், ரத்தம் தேறும், நரம்பு தேறாது. இது 1940களிலேயே தெரிந்த உண்மை. ஹீமோகுளோபின் எண் ஏறும், இமை சிவக்கும், எல்லோரும் திருப்தியடைவார்கள். உள்ளே நரம்பு வாடிக்கொண்டே இருக்கும். எனக்கு நடந்தது இதுதான் என்று அந்த இளம் மருத்துவர் விளக்கினார். “உங்க ரத்தம் அவ்வளவு மோசமா இல்லாததாலதான் யாருக்கும் சந்தேகம் வரலம்மா” என்றார். நல்ல பிள்ளையாக மாத்திரை விழுங்கியதற்குக் கிடைத்த பலன்.

என் வயிறு பி12ஐ உறிஞ்சுவதற்கு வேண்டிய புரதத்தை என் உடம்பே அழித்துவிடுகிறது. அதனால் எனக்கு வாழ்நாள் முழுக்க ஊசி. பல பெண்களுக்குக் காரணம் இதைவிட எளியது, அதனாலேயே கொடியது. பி12 இயற்கையாகக் கிடைப்பது முட்டை, மீன், இறைச்சி, பால் போன்றவற்றில்தான். கறிக்குழம்பில் துண்டுகள் யார் தட்டுக்கும், குழம்பு யார் தட்டுக்கும் போகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். விரதத்தின் பெயரால் யார் அதிகம் ஒதுக்குகிறார்கள் என்பதும் தெரியும்.

பார்வை போவது அரிது என்று புத்தகங்கள் சொல்கின்றன. உண்மை. கடும் சோகையில் விழித்திரையில் ரத்தம் கசிவது, ரத்தப் புற்றுநோய் கண்ணில் முதலில் தெரிவது, நீலகிரி ஆதிவாசிகளிடம் 1952இலேயே கண்டறியப்பட்ட அரிவாள் செல் நோய் விழித்திரையின் நுண்குழாய்களை அடைப்பது எல்லாமே சிலருக்கு மட்டும் நேர்பவை. ஆனால் எதையும் அரிது என்று சொல்ல, முதலில் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். நிறம் மங்குகிறதா, எழுத்தின் நடுப்பகுதி மறைகிறதா என்று எத்தனை பெண்களிடம் கேட்டிருக்கிறோம்? அதைச் செய்ய ஒரு வண்ணப் புத்தகமும் ஐந்து நிமிடமும் போதும். சாதாரண சிபிசி அறிக்கையிலேயே எம்.சி.வி. என்றொரு எண் இருக்கிறது. சிவப்பணுவின் பருமனைச் சொல்வது. பி12 குறைந்தால் அது பெரும்பாலும் ஏறும். இரும்பும் சேர்ந்து குறைந்திருந்தால் ஏறாமலும் இருக்கும். ஆகவே கால் மதமதப்போடு கண்ணும் மங்கினால், பி12 பரிசோதனையைத் தனியாகக் கேளுங்கள். காலம் முக்கியம். சீக்கிரம் ஊசி போட்டால் நரம்பு மீளலாம். தாமதித்தால் மீளாது.

*

என் இரு கண்களும் ஒன்றுபோல மங்கின, ஒன்றுபோலத் திரும்பவில்லை. வலது கண் ஏறக்குறைய மீண்டுவிட்டது. இடது கண்ணின் நடுவில் இன்னும் ஒரு கறை இருக்கிறது. தாள்களை இப்போது பச்சைப் பேனாவால் திருத்துகிறேன். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. கடைசிப் பத்து வருடங்களில் அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டாள். என் தோளைப் பார்த்துப் பேசுவாள். கோபம் என்று நினைத்திருக்கிறேன். அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தினாள். இப்ப அரிசி சுத்தமாத்தானே வருது என்றாள். காலில் செருப்பு நிற்பதில்லை என்று வெறுங்காலோடு நடந்தாள். கண்புரை, வயசு, மறதி என்று ஆளுக்கொன்று சொன்னோம். ரத்த டானிக் வாங்கித் தந்தோம். நடுப்பார்வை போனவர்கள் ஓரப்பார்வையால் பார்ப்பதற்காக முகத்தைச் சற்றே விலக்கிக்கொள்வார்கள் என்று எனக்கே அது நேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அம்மாவுக்கு இதே நோய்தான் என்று நான் சொல்லவில்லை. யாரும் பரிசோதிக்கவில்லை, இனி முடியவும் முடியாது. என் தோளைப் பார்த்தபோதெல்லாம் அவள் என் முகத்தைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தாள் என்பது மட்டும் இப்போது புரிகிறது.

‘மிலி’யைப் பார்த்து அழுத அந்த இரவில் அம்மாவுக்கு ஏறக்குறைய முப்பத்தைந்து வயது. திரையிலிருந்த பெண்ணுக்காக அழுதாள். அவள் பங்குக்குப் பகலில் யாரோ இமையை இழுத்துப் பார்த்து மாத்திரை தந்திருப்பார்கள்.

எங்கள் பள்ளிக்கு முகாம் வரும்போது நான் இப்போது வரிசையின் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். கையில் இஷிஹாரா புத்தகம். இமையைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன்: “உனக்கு என்ன தெரியுதுன்னு சொல்லும்மா.”